ஒரு செட் மாத்திரையும் ஒரு நாள் கூலியும்

தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். காட்டுக்கு அடிப்பது ஒன்று. உடம்புக்குப் போடுவது இன்னொன்று. முதல் மருந்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. வெங்காயத்துக்கும் திராட்சைக்கும் அடிக்கிற பூச்சிமருந்து குறித்து அதிகாரிகள் கூட்டம் போடுகிறார்கள், இயற்கை வேளாண்மை பேசுவோர் கருத்தரங்கு நடத்துகிறார்கள். இரண்டாவது மருந்தைப் பற்றித்தான் பேச்சே இல்லை. பொழுது சாயும் நேரம் காட்டு வேலை முடிந்து திரும்பும் நம் பெண்கள் மருந்துக் கடை முன்னால் நின்று, “மேலெல்லாம் நோவுங்க, ஒரு செட் குடுங்க” என்று கேட்டு வாங்கிப் போகிறார்களே, அந்தக் காகிதப் பொட்டலத்தைத்தான் சொல்கிறோம்.

செட் என்றால் என்னவென்று நகரத்து வாசகர்களுக்குச் சொல்லிவிடலாம். நான்கைந்து மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு சிறு உறையில் போட்டுக் கொடுப்பதுதான் செட். வலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, வயிறு எரியாமல் இருக்க ஒன்று, தெம்புக்கு ஒரு சத்து மாத்திரை. சில கடைகளில் இவற்றோடு மிளகளவில் ஒரு சின்ன மாத்திரையும் சேரும். அன்றிரவே நோவு பறந்து போவதற்கும் மறுநாள் நன்றாகப் பசி எடுப்பதற்கும் பெரும்பாலும் அந்தச் சின்ன மாத்திரைதான் காரணம். அது ஸ்டீராய்டு. அட்டை இல்லாததால் மாத்திரைக்குப் பெயர் இல்லை, அளவு இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. ரசீது கிடையாது. பிறகு ஏதாவது ஆகி மருத்துவமனைக்குப் போனால், “என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?” என்று மருத்துவர் கேட்பார். “வெள்ளையா ஒன்னு, மஞ்சளா ஒன்னு” என்பதற்கு மேல் சொல்ல நம் மக்களிடம் எதுவும் இருக்காது.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளின்படி, மக்கள்தொகை ஆயிரத்தைத் தாண்டாத சிற்றூர்களில் ஆஸ்பிரின், பாராசிட்டமால், தைலம் போன்ற வீட்டு மருந்துகளை மட்டும் உரிமம் இல்லாமலே விற்கலாம். மளிகைக் கடையில் தலைவலி மாத்திரை கிடைப்பது இந்த ஏற்பாட்டின் நிழலில்தான். ஆனால் செட்டில் வரும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், நிமெசுலைடு, மாதவிடாய் வலிக்கு வாங்கும் மெஃபனமிக் அமிலம் எல்லாமே ‘ஹெச்’ அட்டவணையைச் சேர்ந்தவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாதவை. அட்டையில் எச்சரிக்கை அச்சிட்டுத்தான் இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வெங்காயம் அறுக்கப் போன பெண்ணுக்கு அந்த எச்சரிக்கை யாருக்காக எழுதப்பட்டது?

கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லி இதை முடித்துவிட முடியாது. நம் மக்களின் வலி பொய்யான வலி இல்லை. சின்ன வெங்காயத்துக்குக் குந்த வைத்து உட்கார்ந்து நாள் முழுக்கக் களை வெட்டிவிட்டு எழுந்தால் முட்டி மடங்காது. பாக்கு உரிப்பவர்களுக்கு விரலும் மணிக்கட்டும் வீங்கும். கோவை மாநகரில் குப்பை வண்டி தள்ளும், சாக்கடை அள்ளும் நம் பிள்ளைகளுக்கு முப்பது வயதிலேயே இடுப்பு போகிறது. இந்த வேலைகளில் இருப்போரில் அருந்ததியர் மக்களே மிகுதி என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எந்த உடம்பு எந்த வேலைக்கு என்று சாதி முன்னமே எழுதி வைத்திருக்கிறது. அந்த உடம்பில் எந்த இடத்தில் நோவு வரும் என்பதையும் அதுவே எழுதி வைத்ததாகத்தான் கொள்ள வேண்டும்.

அந்த நோவுக்கு மருந்து ஓய்வு. அதற்குத்தான் வழி இல்லை. ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போகும். இரண்டு நாள் போகாவிட்டால் தோட்டத்துக்காரர் வேறு ஆளுக்குச் சொல்லிவிடுவார், மூன்றாம் நாள் டெம்போவில் இடம் இருக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரைப் பார்க்கக் காலையில் போக வேண்டும். ஆள் ஏற்றும் வண்டியும் காலையில்தான் வருகிறது. கிளினிக்குக்குப் போனால் பார்ப்பதற்கு ஒரு காசு, ஊசிக்கு ஒரு காசு, மாத்திரைக்கு ஒரு காசு. இத்தனைக்கும் நடுவில் மருந்துக் கடை மட்டும்தான் இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கிறது. சில பத்து ரூபாயில் மறுநாளைக் கூலியைக் காப்பாற்றிக் கொடுக்கிறது. கணக்கில் இது புத்திசாலித்தனமான செலவு. நம் பெண்களை அறியாமையில் இருப்பவர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதை அழுத்திச் சொல்கிறோம்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தார். ஆலைத் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்பது சட்டமானது அந்தக் காலத்தில்தான். அந்த விடுப்பு ஆலைக் கதவைத் தாண்டி வயல்வெளிக்கு வரவே இல்லை. எண்பது ஆண்டுகள் ஆகின்றன. காட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு நோய்க்கால விடுப்பும் இல்லை, இஎஸ்ஐ அட்டையும் இல்லை. அந்த இரண்டின் இடத்திலும் இப்போது செட் மாத்திரை உட்கார்ந்திருக்கிறது.

இனி உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கவிடாமல் தடுக்கின்றன. வலி குறைவது அதனால்தான். ஆனால் அதே பொருளுக்கு உடம்பில் வேறு வேலைகளும் உண்டு. இரைப்பையின் உள்தோலை அமிலத்திலிருந்து காப்பது ஒன்று. அது இல்லாமல் போனால் புண் வரும், புண்ணிலிருந்து ரத்தம் கசியும், மலம் தார் போலக் கறுத்துப் போகும். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டு மேலே சாராயமும் ஊற்றினால் இது இன்னும் விரைவாக நடக்கும். தூய்மைப் பணியில் இருக்கும் நம் ஆண்களில் பலர் நாற்றத்தையும் நோவையும் மறக்க இரண்டையும் சேர்த்தே எடுக்கிறார்கள்.

அந்தப் பொருளின் இன்னொரு வேலைதான் நம் ஊருக்கு முக்கியம். உடம்பில் தண்ணீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வது இதே புராஸ்டாகிளாண்டின்தான். கடையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர், வேளாவேளைக்குத் தண்ணீர் குடிக்கிறவர் எப்போதாவது ஒரு மாத்திரை போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சித்திரை வெயிலில் காட்டில் நிற்கிற பெண்ணின் நிலை வேறு. அவருக்கு ஏற்கெனவே வியர்வையில் தண்ணீர் போய்விட்டது. தோட்டத்தில் கழிப்பிடம் இல்லை. மறைவான இடம் தேடி ஒதுங்க வேண்டும், அங்கே யார் வருவார்கள் என்று பயப்பட வேண்டும். அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். அந்த வறண்ட உடம்பில் வலி மாத்திரை போய் விழும்போது, சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் கடைசி வழியும் சுருங்குகிறது. ஒரு நாளில் கெடாது, ஒரு வருடத்தில் கெடாமலும் போகலாம். கெடும்போது சத்தம் போடாமல் கெடும். கால் வீங்கி, மூச்சு வாங்கி, பசி போய் மருத்துவமனைக்கு வரும் நாளில் சிறுநீரகத்தின் பெரும்பகுதி போயிருக்கும்.

இது நம் கற்பனை அல்ல. தமிழ்நாட்டு வேளாண் தொழிலாளர்களிடம் சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2025இல் வெளிவந்தது. நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ காரணமாக இல்லை. வெயிலில் உழைப்பதன் பக்கமே அந்த ஆய்வு விரல் நீட்டியது. இலங்கையின் வடமத்திய மாகாணத்து நெல் விவசாயிகளையும், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களையும் இதே போன்ற, காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் பல்லாண்டுகளாக வாட்டுகிறது. அங்கெல்லாம் முதல் சந்தேகம் வெயிலின் மீதும் வேளாண் நஞ்சுகளின் மீதும்தான். ஆனால் வலி மாத்திரையும் ஆய்வாளர்களின் சந்தேகப் பட்டியலில் தொடர்ந்து இருக்கிறது. மாத்திரை மட்டுமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. வெயிலும் தாகமும் ஏற்கெனவே பாதி கெடுத்து வைத்த உறுப்பின் மீது மாத்திரையையும் ஏற்றுகிறோம் என்பதே நம் கவலை.

வயல் மட்டுமல்ல, ஆலையும் இந்தக் கணக்கில் வரும். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்யும் ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால் பெயர் ஒட்டாத மாத்திரை ஒன்று வேலையிடத்திலேயே தரப்பட்டதாக அத்தனை பேரும் சொன்னார்கள். கொடுத்தவர்கள் பெரும்பாலும் மருத்துவரோ செவிலியரோ இல்லை. பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் உடல்நலம் கெட்டதாகக் கூறினார்கள். 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குப் பயிற்சி பெற்ற பொறுப்பாளர், 500 பேருக்கு மேல் இருந்தால் மருத்துவ அறை என்றெல்லாம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் எழுதித்தான் இருந்தது. உற்பத்தி இலக்குக்கும் ஒரு பெண்ணின் அடிவயிற்று வலிக்கும் இடையில் மேற்பார்வையாளர் நீட்டிய மாத்திரைதான் அந்தச் சட்டத்தின் நடைமுறை வடிவம். கொங்குப் பகுதியின் நூற்பாலை விடுதிகளிலும் பனியன் கம்பெனிகளிலும் இருக்கிற பெண்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது ஒவ்வொரு வளவிலும் தெரியும்.

உழைப்பையும் மாத்திரையையும் இப்படிச் சேர்த்துக் கட்டிய கதை சுவீடனிலும் நடந்திருக்கிறது. ஹஸ்க்வார்னா என்ற ஊரில் துப்பாக்கியும் தையல் இயந்திரமும் செய்யும் பெரிய தொழிற்சாலை. 1918இன் விஷக்காய்ச்சலின்போது உள்ளூர் மருத்துவர் ஒருவர் ஃபினாசிட்டின் சேர்ந்த ஒரு பொடியைக் கொடுத்தார். காய்ச்சல் போய்விட்டது, பொடி போகவில்லை. வேலை வேகமாக நடக்கிறது, அசதி தெரிவதில்லை என்று தொழிலாளர்கள் தினமும் போட்டார்கள். பிறந்தநாளுக்குப் பொடிப் பொட்டலத்தைப் பரிசாகக் கொடுக்கும் அளவுக்கு ஊரில் அது பழகிப்போனது. முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து, அந்த ஊரில் மட்டும் சிறுநீரகம் கெட்டுச் சாகிறவர்கள் ஏன் இத்தனை பேர் என்று மருத்துவர்கள் எண்ணிப் பார்த்தபோதுதான் பொடி மாட்டியது. 1961இல் சுவீடன் அதை மருத்துவர் சீட்டுக்குள் கொண்டுவந்தது. இந்தியா 1983இல் ஃபினாசிட்டினைத் தடை செய்தது. இன்று நம் செட்டில் இருப்பது ஃபினாசிட்டின் இல்லை, வேறு மருந்துகள். ஆனால் அசதி தெரியாமல் வேலை செய்ய மாத்திரை என்ற பழக்கம் அதேதான். ஹஸ்க்வார்னாவில் செத்தவர்களையாவது யாரோ எண்ணினார்கள். நம் வளவுகளில் ‘கால் வீங்கிச் செத்தாங்க’ என்று பேசுவதோடு முடிந்துவிடுகிறது.

இன்னொரு கணக்கும் மனதை உறுத்துகிறது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இனத்தையே அழித்தது என்பது 2004இல் உறுதியானது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுகிறார்கள் என்று தெரிந்ததும், 2015இல் குப்பியின் அளவையே 3 மில்லியாகக் குறைத்தார்கள். நமக்கு வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகளுக்கு இது நல்ல செய்தி, மகிழ்கிறோம். பாறின் உடம்பு வேறு, மனித உடம்பு வேறு என்பதும் தெரியும். ஆனால் செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலை தலைமுறை தலைமுறையாக யார் தலையில் கட்டப்பட்டதோ, அவர்களுடைய சிறுநீரகத்துக்காகக் குப்பி அளவு இருக்கட்டும், ஒரு தமிழ் எச்சரிக்கைச் சீட்டைக்கூட யாரும் இதுவரை அச்சடிக்கவில்லை.

இதைப் படிப்பவர்களுக்குச் சில விவரங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்தக் கொதிப்பு மாத்திரை தருகிறார்கள். அதை வாங்குகிறவர்கள் செட் மாத்திரையும் போட்டால் கொதிப்பு அடங்காது, சிறுநீரகத்துக்கும் இரட்டைச் சுமை. நிறுத்த வேண்டியது செட்டைத்தான், கொதிப்பு மாத்திரையை அல்ல. காய்ச்சல் டெங்குவாக இருக்கக்கூடும் என்ற காலத்தில் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம், ரத்தக் கசிவு வரலாம். பாராசிட்டமாலும் அளவோடுதான். செட்டில் ஒன்று, தனியாக ஒன்று, தலைவலிக்கு மளிகைக் கடையில் ஒன்று என்று ஒரே மருந்தை மூன்று பெயரில் போடுவோர் உண்டு. அது ஈரலைக் கெடுக்கும், குடிக்கிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரை எதையும் தொட வேண்டாம். நிமெசுலைடை 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2011லேயே தடை வந்துவிட்டது. மெஃபனமிக் அமிலம் போட்ட சில வாரங்களில் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதற்காக 2023 நவம்பர் இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் தனி எச்சரிக்கையே விட்டது. மாதக்கணக்கில் தினமும் செட் போட்டவர்கள் ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது. உள்ளே ஸ்டீராய்டு இருந்திருந்தால் திடீரென நிறுத்துவதே ஆபத்து. மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

ஆனால் இப்படி அறிவுரை சொல்லி மட்டும் இந்தப் பத்தியை முடித்தால், நோவைக் கொடுத்தவர்களை விட்டுவிட்டு நோவு கண்டவர்களுக்கே வகுப்பெடுத்ததாகும். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கட்டாயம் என்று சட்டம் திருத்தியது. ஜவுளிக் கடையில் பத்து மணி நேரம் நின்ற பெண்களின் கால்வலிக்கு அரசு கொடுத்த மருந்து நாற்காலி. அதைச் சாதிக்க முடிந்த அரசுக்குக் காட்டு வேலைக்காரரின் நோவுக்கும் வழி காண முடியும்.

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரத்தில் இரண்டு நாளாவது மாலை ஆறிலிருந்து எட்டு வரை மருத்துவர் இருக்க வேண்டும். நகர்ப்புற நிலையங்களில் மாலைப் பிரிவு நடக்கிறது, நம் ஒன்றியத்தில் ஏன் நடக்கக் கூடாது? 2023இல் தொடங்கிய சிறுநீர்ப் பரிசோதனைத் திட்டம் நிலையத்துக்கு வருகிறவர்களையே பார்க்கிறது. அது வெங்காய அறுவடை நடக்கும் காட்டுக்கும், தூய்மைப் பணியாளர்கள் காலையில் வருகைப் பதிவு செய்யும் இடத்துக்கும் போக வேண்டும். கூடவே கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை மருத்துவர் இருக்கிறார். படுக்கையில் கிடப்பவர்களுக்கு மட்டுமல்ல, நாளை படுக்கையில் விழப்போகும் முட்டிகளுக்கும் இடுப்புகளுக்கும் அவர் தேவை. மருந்து ஆய்வாளர்கள் ஆளெடுத்துக் கடைகளைச் சோதிக்கும்போது, பிரித்துக் கொடுக்கும் எந்த மாத்திரைக்கும் உறையில் தமிழில் பெயரும் அளவும் எழுதாமல் விற்கக் கூடாது என்பதை முதலில் பார்க்கட்டும்.

தோட்டத்துக்காரர்களிடமும் ஒரு பேச்சு இருக்கிறது. ஏக்கர் கணக்கில் சொட்டுநீர்க் குழாய் போட்டவர்களுக்கு வரப்போரம் ஒரு கழிப்பறை கட்டுவதும், ஆள் குடிக்க ஒரு குடம் நல்ல தண்ணீர் வைப்பதும் பெரிய செலவில்லை. ‘சாமி, பண்ணாடி’ என்று கூப்பிட்டு இதைக் கேட்கப் போவதில்லை. மே 1 அன்று நம் ஒன்றியத்து ஊராட்சிகளில் நடக்கும் கிராம சபையில் இரண்டு தீர்மானங்களாகவே வைக்கப் போகிறோம்: வேலையிடத்தில் பெண்களுக்குக் கழிப்பறையும் குடிநீரும், மாலையில் மருத்துவர். எழுத்தில் பதியாமல் கையெழுத்து வாங்கிக் கலைந்து போக முயன்றால், தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டே எழுந்திருக்க வேண்டும் என்று வளவுகளில் சொல்லி வருகிறோம். அன்று விடுமுறை நாள்தான். ஆனால் காட்டு வேலைக்கு அன்றும் வண்டி வரும், அன்றைக்கு ஒரு நாள் ஏறாமல் இருந்துவிடுங்கள்.